குமிழி நகர்ந்த வெள்ளிக்கிழமை

எங்கள் கம்பெனியில் இப்போது வாடிக்கையாளர் இடத்தில் லேத் நிறுத்தப் போகிறவர்கள் மட்டம் பார்க்க எலெக்ட்ரானிக் லெவல் கொண்டுபோகிறார்கள். மெஷின்மேல் வைத்தால் போதும், ரீடிங் நேராகப் போனுக்கு வந்துவிடுகிறது. போன மாதம் சர்வீஸ் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் கூப்பிட்டு, "குமிழி லெவலை மட்டும் வச்சிக்கினு துப்பாக்கிக் கடை லேத்தெல்லாம் எப்டி மேடம் செட் பண்ணீங்க? எழுதிக் குடுங்க" என்றார்கள். பழைய முறைதான் சிறந்தது என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. அந்தக் கருவி அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும், ஒரு மனிதர் அழாமல் இருந்திருப்பார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குப் புத்தூர் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நைனாவுக்கு வேர்க்கடலைச் சாகுபடி. பத்தாவது முடித்துத் திருப்பதியில் ஐ.டி.ஐ. சேரப் போனபோது தையல் பிரிவில் இடம் இல்லை, மெஷினிஸ்ட் பிரிவில் இருந்தது. நான் லேத்துக்கு வந்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. இரண்டு வருஷம் அரம் பிடித்தேன், ஒரு வருஷம் அப்ரண்டிஸ். பிறகு பழைய லேத்துகளைப் புதுப்பித்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முப்பத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்தேன்.

எங்கள் சர்வீஸ் தலைவர் நரசிம்மலு சார். ஒல்லியான மனிதர். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொள்வார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். அப்புறம் லேத்தின் பெட்மேல், அதாவது அந்த நீளமான இரும்பு மேடைமேல், இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். இரண்டு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக்கூடாது. ரீடிங்குகளைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுவார். தப்பாக வந்த ரீடிங்கை ரப்பரால் அழிக்கமாட்டார், ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுதுவார். யாரையும் திட்டமாட்டார். நாம் எதையாவது உறுதியாகச் சொன்னால் ஒரே ஒரு கேள்விதான் வரும்: "ஏம் சூசி செப்தாண்டாவ்?" எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறாய்? அந்தக் கேள்விக்குப் பயந்து வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு.

நான் முதன்முதலில் தனியாக நிறுத்திய லேத் நாயுடுபேட்டையில். சீக்கிரம் முடித்துக் காட்டவேண்டும் என்ற வேகத்தில் ஃபவுண்டேஷன் போல்ட்டுகளை முதலிலேயே இறுக்கிவிட்டேன். இரும்புதானே, வளையுமா என்று நினைப்பு. வளையும். எவ்வளவு கனமான பெட்டாக இருந்தாலும் ஒரு மூலையில் சற்றுக் கூடுதலாக இழுத்தால் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. கடைகிற பொருள் ஒரு முனையில் பருத்தும் மறு முனையில் மெலிந்தும் வந்து காட்டிக்கொடுக்கும். சார் வந்தார், எல்லா போல்ட்டையும் தளர்த்தினார், "இப்ப மொதல்லேருந்து" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் தப்பை நான் செய்யவில்லை.

இனி காதர் பாய் விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

காதர் பாய் சித்தூரில் லைசென்ஸ் வைத்துத் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர். அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடை. காட்டோரத்தில் பயிர் வைத்திருக்கிறவர்கள், பேங்க் காவலாளிகள் என்று வருவார்கள். துப்பாக்கியோடு லைசென்ஸ் புத்தகத்தையும் காட்டினால்தான் வாசலைத் தாண்ட விடுவார். பெரிய ரிஜிஸ்டர் ஒன்றில் எழுதி, கையெழுத்து வாங்கி, அதற்கப்புறம்தான் பேச்சு. கொஞ்ச காலமாகப் போட்டிகளில் சுடுகிற பிள்ளைகளும் அவரைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். அந்தத் துப்பாக்கிகளுக்கு அரமும் கையும் போதாது. அதனால் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் எங்கள் கம்பெனி லேத் ஒன்றை வாங்கிப் போட்டார்.

அவருக்கு அவசரமும் இருந்தது. லாவண்யா என்று பலமனேர் பக்கத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ரைஃபிள் போட்டிக்காரி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பெட்டி கைநழுவி, துப்பாக்கியின் வாய் படியில் மோதிவிட்டது. பார்த்தால் ஒரு சின்ன நசுங்கல்தான். ஆனால் குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அந்த வாய். அதன் விளிம்பு சுற்றிலும் ஒரே மாதிரி இல்லையென்றால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். ஒரே புள்ளியில் சுடுகிறவளுக்கு அட்டை முழுக்கச் சிதறியது. மாநில அணிக்கான தேர்வு மூன்றே வாரத்தில். வெளிநாட்டுக் குழல் வரவழைக்க நேரமில்லை. வாயைத் துளி கடைந்து விளிம்பைப் புதிதாக்கிவிடலாம் என்று காதர் பாய் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அதற்கு லேத், தலைமுடியை ஏழாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அந்த அளவு சுத்தமாக நிற்கவேண்டும்.

திங்கட்கிழமை போய் நிறுத்தினேன். பெட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். லெவலைக் குறுக்காகத் தலைப்பக்கம் வைத்து அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். அதையே வால்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நிற்கவேண்டும். அப்போதுதான் பெட்டில் முறுக்கு இல்லை என்று அர்த்தம். கால்களில் இருக்கும் ஸ்க்ரூக்களை அரைக்கால் திருகு, கால் திருகு என்று சரிசெய்து நிறுத்தவே மதியமாகிவிட்டது. அப்புறம் சோதனைத் தண்டு. ஒரு இரும்புத் தண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தடித்த பட்டை விட்டு, வெட்டும் டூலின் நிலையை இடையில் மாற்றாமல் இரண்டையும் கடைந்து மைக்ரோமீட்டரில் அளப்போம். இரண்டும் ஒரே அளவு வந்தால் லேத் நேராக நிற்கிறது. வந்தது. ரிப்போர்ட்டில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காதர் பாயின் போன்.

"அம்மா, ரெண்டு பட்டையும் ஒன்னாவே வரமாட்டேங்குது. மூணு பாயிண்ட் வித்தியாசம் காட்டுது. நான் எதுனா தொட்டுட்டேனான்னு பயமாக்கீது."

மூன்று பாயிண்ட் என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. அவர் வேலைக்கு அது மலை. புதன்கிழமை காலையில் ஓடினேன். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. மறுபடியும் எல்லாம் சரிசெய்து, சோதனைத் தண்டு கடைந்து, காதர் பாய் கையாலேயே அளக்கவைத்துக் காட்டிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை மதியம் மறுபடியும் போன். இந்தத் தடவை வித்தியாசம் எதிர்ப்பக்கம்.

ஒரு மெஷின் நாளுக்கு நாள் ஒரே பக்கமாக இறங்கினால் புரிந்துகொள்ளலாம். முன்னுக்கும் பின்னுக்கும் ஆடினால் என்ன செய்வது?

ஆபீஸில் சேல்ஸ் மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். "பெட்டு வார்ப்பே சரியில்ல. மெஷினை எடுத்துக்கினு வந்துடுங்க. ரெண்டு மாசத்துல வேற அனுப்பலாம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "துப்பாக்கி வேலைக்கு லேடீஸை அனுப்புனா இப்டித்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னார். அந்த பெட்டைச் சுரண்டிச் சமன்செய்தவளே நான்தான். அது சரியில்லை என்றால் இத்தனை வருஷம் நான் செய்த எதுவும் சரியில்லை.

வெள்ளிக்கிழமை நரசிம்மலு சாரும் நானும் சித்தூர் போனோம். லாவண்யா வந்திருந்தாள். மூலையில் ஸ்டூலில் துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதர் பாய் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேம்மா. நாப்பது வருஷத்துல குடுத்த வாக்கு தப்புனதில்ல" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சார் கடிகாரத்தைக் கழற்றினார். கையைக் கழுவினார். பெட்மேல் உள்ளங்கைகளை வைத்து நின்றார். அன்றைக்கு ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு என்ன தோணுது?" என்றார்.

"மெஷின் நல்லா இருக்கு சார்."

"ஏம் சூசி செப்தாண்டாவ்?"

மெஷின் நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் காட்டுவதற்கு என் கையில் எதுவுமே இல்லை.

அவர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். "எதையும் திருகாதே. லெவலை வை. உக்காரு. கால் மணிக்கு ஒரு தடவை குமிழி எங்க இருக்குன்னு எழுது. நான் சாயந்திரம் வரேன்." சொல்லிவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருந்த இன்னொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். ஒன்பதே கால், நடுவில். ஒன்பதரை, நடுவில். பத்து, நடுவில். வெயில் ஏறி ஷெட் தகரம் காய ஆரம்பித்தது. சூடுதான் காரணமோ என்று நினைத்தேன். பதினொன்று, அப்போதும் நடுவில்தான். லாவண்யா டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள். பதினொன்றேகாலுக்கு நான் குனிந்து எழுதப்போனேன். "மேடம்!" என்று லாவண்யா கத்தியதில் நிமிர்ந்தேன்.

குமிழி நடந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக, எறும்பு ஊர்கிற மாதிரி, ஒரு கோட்டைத் தாண்டி இரண்டாவது கோட்டில் போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலி ஓசையும், "உடு, உடு, போதும்!" என்று ஒரு ஆள் குரலும் கேட்டன.

வெளியே ஓடினேன். சுவரை ஒட்டி ஒரு கிரானைட் யார்டு. அங்கே ஒரு கிரேன், வண்டி நீளத்துக்கு இருந்த ஒரு கல்லைச் சுவரோரமாக அப்போதுதான் இறக்கியிருந்தது. பக்கத்தில் ஏற்கெனவே மூன்று கற்கள். யார்டு சூப்பர்வைசர் முனிரத்தினம் என்பவர் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, திங்கக்கிழமைக்கப்புறம் இங்க கல்லு வச்சீங்களா?"

"செவ்வாக்கெழம நாலு கல்லு வந்துது. புதன் ராத்திரி லாரில ஏத்தி மெட்ராஸ் அனுப்பிட்டோம். நேத்து சாயந்திரம் அதே எடைக்கு மூணு பெரிய கல்லு, இன்னிக்கு இது ஒன்னு. இன்னாம்மா, உனுக்குக் கல்லு வேணுமா?"

விரல் விட்டு நாள் கணக்குப் பார்த்தேன். செவ்வாயன்று கல் வந்தது, லேத் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த நிலையிலேயே புதனன்று நான் அதைச் சமன்செய்தேன். கல் போனதும் தரை பழையபடி எழும்பியது, லேத் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டது. நேற்று சாயங்காலம் அதே எடை திரும்ப வந்ததால்தான் இன்று காலையில் குமிழி நடுவில் இருந்தது. மெஷின் அல்ல, ஷெட்டின் தரைதான் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இந்தக் கல்லை ஒரே ஒரு தடவை தூக்கி மறுபடி இறக்கச் சொல்லுங்க."

"கல்லு இங்க வச்சா லேத்து அங்க ஆடுதா? இன்னாம்மா கத உடுற. கிரேனுக்கு டீசல் உங்க ஊட்டுலேருந்து வருதா?"

"நீங்களே வந்து பாருங்க. ஆடலன்னா நான் உங்க யார்ட்ல வந்து கல்லு கழுவுறேன்."

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். குமிழிக்கு முன்னால் நிற்கவைத்தேன். சுவருக்கு மேலாக லாவண்யா கிரேன்காரருக்குக் கை காட்டினாள். சங்கிலி இறுகும் சத்தம் கேட்டது. குமிழி கிளம்பித் திரும்பி நடுவுக்கு வந்தது. கல்லை இறக்கினார்கள். குமிழி மறுபடியும் இரண்டாவது கோட்டுக்கு நடந்தது. முனிரத்தினம் வாயைப் பிளந்துவிட்டார்.

"ஐயய்யோ, நவுருதும்மா! இம்மாம் பெரிய இரும்பு, எங்க கல்லுக்கு நவுருதே!"

காதர் பாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இன்னொரு தடவ தூக்கச் சொல்லுப்பா" என்றார். நாங்கள் மூன்று தடவை தூக்கிப் பார்த்தோம்.

சாயங்காலம் சார் வந்ததும் தாளை நீட்டினேன். கால் மணிக்கொரு ரீடிங், பக்கத்திலேயே கல் ஏறியது, இறங்கியது. அவர் இரண்டு தடவை படித்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்துச் சேல்ஸ் மேனேஜரிடம், "மெஷின் வாபஸ் ராது", திரும்பி வராது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் காரணம் தெரிந்ததால் மட்டும் வேலை முடிந்துவிடாது. முனிரத்தினத்துக்குக் கல் வைக்க வேறு இடம் கிடையாது. ஷெட்டின் மூலையில் தோண்டிப் பார்த்தோம். முன்பாதி பாறைமேல் நிற்கிறது, பின்பாதி கொட்டி நிரப்பிய மண்மேல். லேத்துக்கு மட்டும் தரையை வெட்டி எடுத்து, பாறை வரை தோண்டித் தனியாகக் கான்கிரீட் போடவேண்டும். அதுதான் முறை. கான்கிரீட் நன்றாக இறுகி அசையாமல் நிற்க மூன்று வாரமாவது ஆகும் என்றார் சார். லாவண்யாவுக்கு இருந்ததோ பதினாறு நாள். அவள் பெட்டியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கான்கிரீட் இறுக வேண்டும். கல் ஏற்கெனவே இறுகிப்போய்தானே இருக்கிறது?

"சார், கான்கிரீட் வேணாம். பாறை வரைக்கும் தோண்டி, ஒரே கிரானைட் கல்லை இறக்கிடலாம். அதும்மேல லேத்து. சுத்தியும் நாலு விரல் இடைவெளி விட்டுட்டா ஷெட் தரை எப்படி ஆடுனாலும் கல்லைத் தொடாது."

சார் என்னைப் பார்த்தார். நான் அவர் கேள்வியை எதிர்பார்த்து, கல்லின் எடை, பாறையின் ஆழம், லேத்தின் எடை என்று வாயில் வரிசையாக வைத்திருந்தேன். அவர் முனிரத்தினம் பக்கம் திரும்பி, "எட்டடி கல்லு இருக்கா?" என்று கேட்டார்.

"வெள்ள நரம்பு ஓடி ரிஜெக்ட் ஆனது ஒன்னு கெடக்குது சார். எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது. லேத்துக்கு நரம்பு பத்தி இன்னா கவல? மேல சமமா அறுத்துத் தரேன். எங்க கல்லாலதானே இந்தம்மாவுக்கு இவ்ளோ பாடு."

அடுத்த நான்கு நாள் நான் வாழ்க்கையில் மறக்காத நாட்கள். யார்டு ஆட்களே தரையை நேர்கோடாக அறுத்துக் கொடுத்தார்கள். காதர் பாயும் அவர் தம்பி மகன்களும் பாறை தெரியும் வரை தோண்டினார்கள். ஷெட்டின் தகரத்தைப் பிரித்தோம். ஹைட்ரா என்கிற கிரேன் வண்டி வந்து நாலரை டன் கல்லைச் சுவருக்கு மேலாகத் தூக்கியபோது தெருவே கூடிவிட்டது. நான் குழிக்குப் பக்கத்தில் நின்று கை காட்டினேன். "கொஞ்சம் கெழக்கால! இன்னும் ஒரு விரக்கடை! உடு!" கல் பாறைமேல் உட்கார்ந்த சத்தம் என் பாதத்தில் ஏறியது. வெளியே யாரோ விசிலடித்தார்கள்.

லேத்தைக் கல்மேல் ஏற்றி, போல்ட்டுக்குக் கல்லில் துளையிட்டு, ஒருநாள் முழுக்க நிதானமாகச் சமன்செய்தேன். முடித்ததும் முனிரத்தினத்திடம், "யார்ட்ல இருக்கறதுலயே பெரிய கல்லை இறக்குங்க" என்றேன். சார், காதர் பாய், லாவண்யா எல்லாரும் குமிழியைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். சங்கிலி இரைந்தது. கல் இறங்கிய அதிர்வில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. குமிழி ஆடவில்லை. நடுக்கோட்டிலேயே ஒட்டவைத்த மாதிரி நின்றது. சோதனைத் தண்டைக் கடைந்தேன். இரண்டு பட்டையும் ஒரே அளவு. காதர் பாய் அளந்தார், சார் அளந்தார், லாவண்யாவுக்கும் மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து அவளும் அளந்தாள்.

ரிப்போர்ட் எழுதினேன். எப்போதும் கீழே சர்வீஸ் தலைவர் கையெழுத்து இருக்கும். சார் பேனாவை என் பக்கமே தள்ளினார். "இது உன் பேர்ல போகட்டும்."

அதற்கப்புறம் வேலை காதர் பாயுடையது. குழலை லேத்துக்குள் செலுத்தி, வெளிப்புறத்தை நம்பாமல் உள்துளைக்கே டயல் கேஜ் முள்ளை விட்டு மையம் பார்த்தார். சுழலும்போது முள் துளிகூட அசையாத வரைக்கும் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றித் தொட்டார். இரண்டரை மணி நேரம். பிறகு குழலின் வாயிலிருந்து ஒரு மெல்லிய இரும்புச் சுருள் கடைந்து எடுத்தார், ரோஜா இதழ் கனம்கூட இருக்காது. பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பார்த்தவர் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். சுற்றிலும் ஒரே வெள்ளிக் கோடு.

தேர்வு நாளன்று நான் நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேறொரு லேத்துக்கு அடியில் படுத்திருந்தேன். சத்தமான ஷாப். போன் அதிர்ந்தது. மறுமுனையில் காதர் பாய். கூட்டமும் கைதட்டலும் கேட்டன. "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாய், என்னாச்சு? சொல்லுங்க பாய்!"

போனை லாவண்யா பிடுங்கிக்கொண்டாள். "மேடம், அஞ்சு குண்டு, ஒரே ஓட்டை! ஒரே ஓட்டை மேடம்! ஃபர்ஸ்ட்டு வந்துட்டேன்! டீம்ல எடுத்துட்டாங்க!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து மெஷின்காரர் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். வரிசையாக எல்லா மெஷினும் நின்றன. ஷாப்பே நிசப்தமாகிவிட்டது. ஃபோர்மேன் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாச்சு? யாருக்கு அடி?"

கிரீஸ் கையோடு லேத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன்.

"யாருக்கும் அடி இல்ல சார்," என்றேன். "நாங்க ஜெயிச்சிட்டோம்."